'பொதுக் கரு' என்பது யாருக்குப் பொது?

கணினி இயந்திரங்கள் தம்முள் எவ்வளவு வேறுபடினும், அவற்றை இயக்கும் பணிசெயல் முறைமையின் கரு அவ்வேறுபாடுகளைத் தன்னுள் அடக்கி, நிரலாளனுக்கு ஒரே முகத்தைக் காட்டும் என்பது கணினியியற் பாடநூல்கள் ஒரு குரலிற் கூறும் செய்தி. இக்கூற்று முழுப் பொய்யன்று. ஆயின் இதன் நிழலில் வேறொரு கருத்தும் வளர்ந்து வந்துள்ளது. 'பொது' எனப்படும் பகுதி எந்த இயந்திரத்தையும் சாராதது; அதனோடு பொருந்தாத இயந்திரங்கள் விதிவிலக்குகள்; விதிவிலக்குகள் சுமைகள்; சுமைகள் காலப்போக்கிற் கழிக்கப்பட வேண்டியவை. இவ்வாறு படிப்படியாக இறங்கும் வாதத்தை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நினைவகப் பக்கங்களை லினக்ஸ் கரு கையாளும் முறையையே சான்றாகக் கொள்கிறேன். ஏனெனில், இவ்வாதம் வலிமையாக ஒலிப்பதும் இங்கேதான், உடைவதும் இங்கேதான்.

கலைப்பீட மாணவன் ஒருவனுக்கு இதில் என்ன வேலை என்று வினவுவோர் உளர். தமிழிலக்கணம் பயில்வோருக்குப் பொது விதி, சிறப்பு விதி, புறனடை என்னும் மூன்றும் புதியன அல்ல. நல்ல இலக்கண ஆசிரியன் பொது விதியைக் கூறும்போதே அது எதுவரை செல்லும் என்பதையும் உணர்ந்திருப்பான். தன் விதிக்குள் அடங்காதவற்றுக்குப் புறனடையில் இடம் வைப்பான். பெரும்பான்மை வழக்கைக் கண்டு அதனையே மொழியின் இயல்பெனக் கொண்டு, ஏனையவற்றை வழுவெனத் தள்ளுபவன் இலக்கணம் செய்பவன் அல்லன். கருவை எழுதுவோரும் ஒருவகையில் இலக்கணகாரரே.

முதலிற் பக்கம் என்பது யாது எனக் காண்போம். இயங்கும் ஒவ்வொரு நிரலும் நினைவகம் முழுவதும் தனக்கே உரியது என எண்ணி முகவரிகளை வழங்குகிறது. அம்முகவரிகள் மெய்யானவை அல்ல. நினைவகத்தைச் சம அளவுள்ள துண்டுகளாக வகுத்து, நிரல் கூறும் துண்டு மெய்யாக எங்கே உள்ளது என்பதை அட்டவணை ஒன்றிற் பதிந்து, முறைவழியாக்கி ஒவ்வொரு முறையும் அதனைப் பார்த்து முகவரியை மாற்றுகிறது. அத்துண்டே பக்கம், அவ்வட்டவணையே பக்க அட்டவணை. இவ்வேற்பாட்டை 1962இல் இயங்கத் தொடங்கிய மான்செஸ்ரர்ப் பல்கலைக்கழகத்தின் அற்லஸ் இயந்திரத்திற் கில்பேணும் அவர்தம் குழுவினரும் நடைமுறைப்படுத்தினர். அங்கே ஒரு பக்கம் 512 சொற்கள் கொண்டது. ஒரு சொல் 48 பிற்றுக்கள்.

அதன்பின் வந்த இயந்திரங்கள் ஒவ்வொன்றும் தத்தம் வழியிற் சென்றன. 1977இல் அறிமுகமான வக்ஸ் இயந்திரத்திற் பக்கம் 512 பைற்றுக்களே. அல்பா 8 கிலோபைற்றுப் பக்கத்தைக் கொண்டது. மிப்ஸ் முறைவழியாக்கியில் அட்டவணையைப் பார்க்கும் வேலையையே வன்பொருள் செய்வதில்லை. அண்மையில் மாற்றிய முகவரிகளை நினைவிற் கொள்ளும் ரி.எல்.பி. எனும் சிறு பதிவகத்தில் விடை இல்லையெனில், கருவை அழைத்து நீயே பார்த்து நிரப்பு என்று விட்டுவிடும். ஐ.பி.எம்.மின் பவர் குடும்பம் கிளைவிடும் மரம்போன்ற அட்டவணைக்குப் பதிலாக, நினைவகம் முழுமைக்கும் பொதுவான ஒரு பெருங் கலப்பட்டியலை வைத்திருந்தது. அதே நிறுவனத்தின் பெருங்கணினிகள் ஒரு பக்கத்தில் எழுதப்பட்டதா இல்லையா என்ற குறிப்பைப் பக்க அட்டவணையில் வைக்காமல், மெய்யான நினைவகத் துண்டோடு ஒட்டிய தனிச் சாவி ஒன்றில் வைத்தன. இப்பெருங்கணினிகளைப் பற்றி மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

இன்ரெல் 1985இல் வெளியிட்ட 386 முறைவழியாக்கி 4096 பைற்றுப் பக்கத்தைக் கொண்டது. 32 பிற்று முகவரியைப் 10, 10, 12 எனப் பிரித்தால், ஓர் அட்டவணையில் 1024 பதிவுகள்; பதிவொன்றுக்கு 4 பைற்று; ஆக அட்டவணையே சரியாக ஒரு பக்கத்துள் அடங்கும். அழகான கணக்கு, அன்றைய நினைவகங்கள் சில மெகாபைற்றுக்களாக இருந்த காலத்துக்கு ஏற்ற கணக்கு. ஆயின் கணக்கின் அழகு அதனை இயற்கை விதியாக்கிவிடாது.

லினக்ஸ் கரு 1991இற் பிறந்தது இந்த 386இன் மடியில். பிற இயந்திரங்களுக்கு இதனைக் கொண்டுசெல்ல முடியாது என்று லினஸ் ரோவால்ட்ஸ் தாமே அப்போது அறிவித்தார். 1992இல் ரனன்போம் அவரோடு நடத்திய புகழ்பெற்ற வாதத்தில், ஒரே முறைவழியாக்கியோடு இறுகக் கட்டுண்ட முறைமை என்பது குற்றச்சாட்டுக்களுள் ஒன்று. மூன்றாண்டுகளுள் அல்பாவுக்கான வடிவம் வந்தது. அல்பாவின் அட்டவணை மூன்றடுக்குக் கொண்டது. ஆகவே பொதுக் கருவும் மூன்றடுக்கை ஏற்று, ஈரடுக்குடைய 386இல் நடு அடுக்கை வெறுமையாக மடித்து வைத்தது. இது நல்ல காலம் என்பேன். பிறந்த வீட்டு இயந்திரத்தைவிடப் புதிதாக வந்த இயந்திரத்தின் தேவை பொதுவை விரித்தது. அதன்பின் பொதுவை விரித்தவை எவை? 2005இல் நான்கடுக்கு, எக்ஸ்86இன் 64 பிற்று வடிவத்துக்காக. 2017இல் ஐந்தடுக்கு, அதே குடும்பத்துக்காக. இன்று கருவின் பொதுப் பகுதி பேசும் அடுக்குகளின் மொழி, இன்ரெல் குடும்பத்தின் மரத்தை வரைந்து எடுத்த மொழி.

கலப்பட்டியல் கொண்ட பவர் இயந்திரம் என் செய்தது? லினக்ஸ் கேட்ட மரத்தையும் நினைவகத்தில் வளர்த்தது. வன்பொருள் கேட்ட கலப்பட்டியலையும் நிரப்பியது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாமலும் காத்தது. இரட்டைக் கணக்கு எழுதிய வணிகன் நிலை! ஈற்றில் 2017இல் வெளிவந்த பவர்9 முறைவழியாக்கி தானும் மரவடிவ அட்டவணையை ஏற்றுக்கொண்டது. அதற்கு வேறு தொழில்நுட்பக் காரணங்களும் உண்டு. எல்லாப் பழியையும் லினக்ஸின்மேற் சுமத்தேன். ஆயினும் மென்பொருள் வன்பொருளுக்கு ஏற்ப வளையும் என்னும் பாடநூற் கூற்று இங்கே தலைகீழாகியது என்பதை யாரும் மறுக்க இயலாது.

வேறு வழி இருந்திருக்குமா? இருந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரஷீட் குழுவினர் மாக் கருவுக்காக 1987இல் விளக்கிய முறை இதனினும் நேர்மையானது. ஒரு நிரலுக்கு எந்த நினைவகம் உரியது என்ற உண்மை முழுவதும் இயந்திரஞ் சாராத பகுதியில் இருக்கும். இயந்திரஞ் சார்ந்த பகுதி அந்த உண்மையின் தற்காலிகப் பிரதி மாத்திரமே; அதனை எப்பொழுதும் எறிந்துவிட்டு மீள ஆக்கலாம். மரமாயினும் கலப்பட்டியலாயினும் வெறும் ரி.எல்.பி. ஆயினும் அது அந்த இயந்திரத்தின் வீட்டு விவகாரம். லினக்ஸிலோ பக்க அட்டவணையே உண்மை. ஒரு பக்கம் வட்டுக்கு மாற்றப்பட்டால் அது எங்கே போனது என்பதும் அந்த அட்டவணைப் பதிவிலேயே எழுதப்படும். இதனால் வேகம் உண்டு, நிரல் சுருங்கும், இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயின் அட்டவணையின் வடிவமே பொதுவின் வடிவம் என்றான பின்னர், அவ்வடிவம் இல்லாதவன் வேடம் போட்டே உள்ளே வரவேண்டும். மாக் வழிவந்த கருவைக் கொண்ட அப்பிள் நிறுவனம் 2020இல் எம்1 முறைவழியாக்கிக்கு மாறியபோது, கரு 16 கிலோபைற்றுப் பக்கத்தில் இயங்க, இன்ரெலுக்கென எழுதப்பட்ட பழைய நிரல்களுக்கு மாத்திரம் 4 கிலோபைற்றுப் பக்கத்தை அதே வேளையில் வழங்க முடிந்தது. ஒரு கருவுக்கு ஒரே அடிப்படைப் பக்க அளவு என்று கொண்ட லினக்ஸுக்கு அது கைகூடவில்லை.

இதெல்லாம் அழகியற் பூசல், இதனால் யாருக்கு என்ன கேடு என்று கேட்போருக்கு, 2016இல் உலகெங்கும் பேசப்பட்ட 'டேர்ட்டி கவ்' எனும் பாதுகாப்பு ஓட்டையின் வரலாற்றைச் சற்று விரிவாகக் கூறுவேன்.

ஒரு கோப்பை நிரலொன்று தனக்கென மட்டும் நினைவகத்தில் விரித்துக்கொள்ளும்போது, கரு உடனே பிரதி எடுப்பதில்லை. எழுத முனையும்போதே பிரதி செய்து, அப்பிரதியில் எழுதவிடும். மூலக் கோப்பு தீண்டப்படாது. ஓர் இடுக்கில் இந்தப் பாதுகாப்பு நழுவியது. பிரதி எடுத்து முடிந்ததும், இனி எழுதும் உரிமையைச் சோதிக்க வேண்டியதில்லை என்று கரு தன் கோரிக்கையைத் தளர்த்திக்கொண்டு மீண்டும் பக்கத்தைத் தேடும். அந்த நொடிக்குள் நிரலின் மற்றோர் இழை அந்தப் பிரதியை எறிந்துவிட்டால், கருவின் கையிற் கிட்டுவது மூலக் கோப்பின் பக்கம். எழுத்து அதன்மேலேயே விழும். படிக்க மட்டும் உரிமையுள்ள சாதாரண பயனர் ஒருவர் கணினியின் முழு அதிகாரியாக மாற இது போதும். 2007 முதல் வெளிவந்த பதிப்புகள் பாதிக்கப்பட்டவை எனக் கணிக்கப்பட்டது. லினக்ஸ் கருவில் இயங்கும் அன்ட்ரொயிட் தொலைபேசிகளும் தப்பவில்லை. அவற்றைத் தாக்கிய தீநிரல் ஒன்று 2017இல் இதே வழியிற் புகுந்தது.

இந்த இடுக்கை ரோவால்ட்ஸ் அறியாதவர் அல்லர். 2005இலேயே அதனை அடைக்க முயன்றார். பிரதி எடுக்கப்பட்டு எழுதப்பட்டதா என்பதை, பக்க அட்டவணைப் பதிவிலுள்ள 'அழுக்கு'ப் பிற்றைக் கொண்டு தீர்மானிப்பது அவர்தம் திருத்தம். எக்ஸ்86இல் இது சரி. ஆனால் எஸ்390 எனப்படும் ஐ.பி.எம். பெருங்கணினியில் அந்தப் பிற்று அட்டவணையில் இல்லை. மேலே கூறியவாறு தனிச் சாவியில் உள்ளது. அங்கே அட்டவணைப் பதிவு தூயதுமன்று, அழுக்குமன்று. 'எழுதப்பட்டதா?' என்று கரு கேட்டால் 'இல்லை' என்ற விடையே என்றும் வரும்; கரு மீண்டும் மீண்டும் முயன்று சுழன்றுகொண்டிருக்கும். ஆகவே சில நாள்களிலேயே திருத்தம் கைவிடப்பட்டது. ஓட்டை அப்போது ஏட்டளவினதாகவே தோன்றியது. பிற்காலத்தில் நினைவக முகாமை வேகப்படுத்தப்பட்டபோது அது எளிதிற் சுரண்டத்தக்கதாகியது. 2013இல் எஸ்390 மென்பொருள்வழி அழுக்குப் பிற்றைத் தன் அட்டவணையிற் சேர்த்துக்கொண்டது. தடை நீங்கியது, பழைய திருத்தத்தை நினைத்தவர் எவருமிலர். 2016 ஒக்டோபரிற்றான், தாக்குதல் நடைமுறையிற் பிடிபட்ட பின்னரே, திருத்தம் மீண்டும் செய்யப்பட்டது. பதினோர் ஆண்டுகள்!

'பார்த்தீர்களா, யாரோ சிலர் பயன்படுத்தும் பெருங்கணினி ஒன்றுக்காக உலகத்துத் தொலைபேசிகளெல்லாம் திறந்து கிடந்தன; விதிவிலக்குகளைச் சுமப்பதன் விலை இதுவே' என்று எதிர்த்தரப்பினர் இக்கதையைத் தமக்கே சான்றாக்குவர். மேலோட்டமாக நோக்கின் வலுவான வாதந்தான். ஆயின் கருவின் பொதுப் பகுதி உண்மையில் அறிய விரும்பியது என்ன? இந்தப் பக்கம் இந்த நிரலுக்கே உரிய பிரதிதானா என்பதை. அது கேட்டதோ வேறு: இதன் அட்டவணைப் பதிவில் அழுக்குப் பிற்று உண்டா? ஒன்றை அறிய விரும்பி மற்றொன்றைக் கேட்டது. எக்ஸ்86இல் இரண்டு வினாக்களுக்கும் பெரும்பாலும் விடை ஒன்றாகவே இருந்தமையால், வினா மாறிப்போனது யார் கண்ணிலும் படவில்லை. எஸ்390 அந்தப் பிழையை உண்டாக்கவில்லை. அது முதன்முதலிற் காட்டிக்கொடுத்தது. காட்டிக்கொடுத்த சாட்சியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எந்த நீதி?

இது என் கற்பனை அன்று என்பதற்கு 2022 சான்று. 2016இன் திருத்தமும் அதே அழுக்குப் பிற்றையே நம்பியது. பிரதி எடுக்காமலேயே அப்பிற்றை ஏற்றிவைக்கும் புதிய வழி ஒன்று கருவிற் புகுந்ததும், பகிர்நினைவகக் கோப்புகளில் அதே ஓட்டை மீண்டும் திறந்தது. இம்முறை எஸ்390ஐக் குற்றஞ்சாட்ட வழியில்லை. அந்தப் புதிய வசதி இருந்தது எக்ஸ்86, ஆர்ம் என்னும் பெரும்பான்மைக் குடும்பங்களின் 64 பிற்று வடிவங்களில் மட்டுமே. அப்பொழுதுதான் அழுக்குப் பிற்றைக் கேட்பது விடப்பட்டு, பக்கம் இந்நிரலுக்கு மாத்திரமே உரியதா என்ற நேர் வினா கருவில் இடம்பெற்றது. 2005இல் எஸ்390 எழுப்பிய முறைப்பாட்டைச் சரியாகக் காது கொடுத்துக் கேட்டிருப்பின், அவ்வினாவை அன்றே வந்தடைந்திருக்கலாம்.

பழையவர்கள் இவ்விடத்தில் வேறுவிதமாக நடந்தனர். வக்ஸ் இயந்திரத்தில், ஒரு பக்கம் அண்மையில் அணுகப்பட்டதா என்பதைக் குறிக்கும் பிற்று இருக்கவில்லை. பேர்க்லியில் யூனிக்ஸைப் பக்கமிடும் முறைக்கு மாற்றிய பபோக்லுவும் ஜோயும், அந்த இயந்திரத்தில் அப்பிற்று இல்லை என்பதைத் தம் 1981ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பிலேயே வைத்து, மென்பொருளால் அதனை எவ்வாறு ஈடுசெய்தனர் என்று எழுதினர். இயந்திரத்தின் குறையை மறைக்கவில்லை, அதனைப் பொருளாக்கினர். மறைப்பதே மேன்மை என்ற மயக்கம் பின்னால் வந்தது.

இனி, 4096 என்னும் எண்ணுக்கு வருவோம். 4 கிகாபைற்று நினைவகத்தில் இவ்வளவுடைய பக்கங்கள் 10,48,576. ஒவ்வொன்றுக்கும் கரு கணக்கு வைத்திருக்க வேண்டும். ரி.எல்.பி. பதிவுகளோ சில நூறு அல்லது சில ஆயிரம். பக்க அளவு பதுக்கு நினைவகத்தையும் கட்டுப்படுத்துகிறது: முகவரி மாற்றம் முடியுமுன்பே தேடலைத் தொடங்கவேண்டின், பதுக்கின் ஒவ்வொரு பிரிவும் ஒரு பக்கத்துக்கு மேற் போகாதிருப்பது வசதி. எட்டுப் பிரிவு, 4 கிலோபைற்று, ஆக 32. இன்ரெலின் முதனிலைத் தரவுப் பதுக்கு நீண்டகாலம் 32 கிலோபைற்றில் நின்றமைக்கு இது ஒரு காரணம். அப்பிளின் எம்1, 16 கிலோபைற்றுப் பக்கத்தோடு 128 கிலோபைற்றை எட்டியது. எண் சிறிது, அதன் ஆட்சி பெரிது.

மறுதரப்பின் விடையையும் கூறிவிடுவோம். பெரிய பக்கம் வீணடிக்கும். ஒரு கிலோபைற்றுக் கோப்பும் முழுப் பக்கத்தைப் பிடிக்கும். உண்மை. 64 கிலோபைற்றுப் பக்கத்தை ஆர்ம் இயந்திரங்களுக்குத் தெரிந்தெடுத்த ரெட் ஹற் நிறுவனம் 2022இல் தன் 9ஆம் பதிப்பில் 4க்குத் திரும்பியது. அன்ட்ரொயிட்டை 16க்கு மாற்றும் கூகிள், பொதுவாக 5 முதல் 10 சதவீதம் வேகம் கூடும், நினைவகம் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுதலாகச் செலவாகும் என்கிறது. குறைந்த நினைவகமுள்ள மலிவுத் தொலைபேசியை வைத்திருப்பவனுக்கு அந்த 9 சதவீதம் சிறிதன்று. எனவே 16 சரி, 4 தவறு என்பது என் வாதமன்று. ஓர் எண்ணைத் தெரிவு என்று அறிந்து தெரிவதும், இயற்கை என்று மயங்கி ஏற்பதும் ஒன்றல்ல.

மயங்கியதன் விலையை இப்போது கட்டிக்கொண்டிருக்கிறோம். பக்க அளவு என்ன என்று கருவிடம் கேட்க யூனிக்ஸ் உலகில் வழி நெடுங்காலமாக உண்டு. கேட்காமல் 4096 என்று நிரலிற் பொறித்தவர்கள் எத்தனை பேர் என்பது 2023இல் வெளிவந்த ராஸ்பெரி பை 5 கணினி 16 கிலோபைற்றுக் கருவோடு வந்தபோது தெரிந்தது. ஜெமலொக் எனும் நினைவக ஒதுக்கியை 4க்கெனத் தொகுத்து வைத்திருந்த நிரல்கள் தொடங்கவே மறுத்தன. பி.ரீ.ஆர்.எவ்.எஸ். கோப்பு முறைமை வட்டின் துண்டளவையே பக்க அளவாகக் கொண்டிருந்தமையால், சாதாரண கணினியில் வடிவமைத்த வட்டை 64 கிலோபைற்றுப் பக்கமுள்ள இயந்திரத்திற் பொருத்தித் திறக்க 2021 வரை இயலாதிருந்தது. தன் தரவு, தன் வட்டு; ஆயினும் அயல் இயந்திரத்தில் அந்நியன். கூகிள் 2025 நவம்பர் 1 முதல், அன்ட்ரொயிட் 15ஐயும் அதற்கு மேற்பட்டவற்றையும் நோக்கிய புதிய செயலிகளும் புதுப்பிப்புகளும் 16 கிலோபைற்றுப் பக்கத்துக்கு ஏற்றவையாக இருக்கவேண்டும் என விதித்தது. பெரிய நிறுவனம் ஒரு நாளில் மீளத் தொகுத்துவிடும். மூலநிரல் கையில் இல்லாத பழைய நூலகம் ஒன்றை நம்பியுள்ள சிறு செயலியை யார் மீளத் தொகுப்பார்?

சிறுபான்மை இயந்திரங்களைக் கருவிலிருந்து நீக்கும் கோரிக்கையைப் பற்றி ஒரு சொல். இற்றேனியம் 2024 சனவரியில் வெளிவந்த 6.7ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. பேணுவார் இல்லை, அனுப்பீடும் 2021இல் நின்றுவிட்டது. நான் அதற்கு ஒப்பாரி வைக்கப் போவதில்லை. ஆயின் ஒவ்வொரு நீக்கத்தின்போதும் பொதுப் பகுதி எளிதாகிவிட்டது என்று மகிழ்வோர், எளிதானது பொதுவா அல்லது அதனைச் சோதிக்கும் வினாக்களா என்பதையும் கூறவேண்டும். பக்கம் 8 ஆகவும் 64 ஆகவும் உள்ள இயந்திரங்கள் கருவில் இருந்தபடியாற்றான், 4096 என்று பொறித்த வரிகள் பல முன்னரே பிடிபட்டன.

இப்போது ரிஸ்க்-பைவ் எனும் புதிய குடும்பம் வந்துள்ளது. அதன் வரையறை, அணுகப்பட்டமையையும் எழுதப்பட்டமையையும் குறிக்கும் பிற்றுக்களை வன்பொருளே ஏற்றலாம், அல்லது தவறு ஒன்றை எழுப்பி மென்பொருளிடம் அவ்வேலையை ஒப்படைக்கலாம் என இரு வழிகளையும் அனுமதிக்கிறது. ஒரே பெயருடைய இரு இயந்திரங்களில் ஒன்று வக்ஸைப்போலக் கருவின் கையை எதிர்பார்க்கும். மற்றையது எக்ஸ்86ஐப்போலத் தானே எழுதிக்கொள்ளும். கருவின் பொதுப் பகுதியில் அழுக்குப் பிற்றைப் பார்க்கும் ஒவ்வொரு வரியும் அங்கே எதனைக் கேட்கிறது என்பதை, அந்த இயந்திரங்கள் நம் கைகளுக்கு வரும் முன்னரே எழுதிவைத்தாக வேண்டும்.